“ஸ்கேன் எடுத்தாச்சு சார்” – எந்த ஸ்கேன்?

இந்தப் பதிலை இந்த மாதத்தில் நான் கேட்பது இது மூன்றாவது முறை. மொபெட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்த அம்மா, வேகத்தடையில் தூக்கிப்போட்டு விழுந்து இடுப்பில் அடிபட்டிருக்கிறார். ஐந்தாம் நாள்தான் என்னிடம் கூட்டி வந்தார்கள். மகன் மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு சார். இவங்கதான் நடக்கப் பயப்படுறாங்க.”

அது வயிற்று அல்ட்ராசவுண்ட். ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் நன்றாக இருந்தன. எலும்பைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்?

நம் ஊரில் ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ என்று மூன்று இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. தொல்லையே அதுதான். விபத்தில் வந்தவரின் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கிறோமே, அது உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க. இடுப்பெலும்பு உடைந்ததா என்று பார்க்க அல்ல. இன்னொன்றும் சொல்கிறேன்: இடுப்பெலும்பு உடைந்து கசியும் ரத்தம் பெரும்பாலும் வயிற்றறைக்குப் பின்பக்கம்தான் சேரும். அங்கே அல்ட்ராசவுண்டுக்குக் கண் தெரியாது. ஆகவே அந்தத் தாளில் ‘நார்மல்’ என்று இருந்தால் எலும்புக்கும் உத்தரவாதம் இல்லை, ரத்தக் கசிவுக்கும் இல்லை.

முதலில் எடுக்க வேண்டியது சாதாரண எக்ஸ்ரே. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருப்பவரைக்கூட நகர்த்தாமல், படுத்த படுக்கையிலேயே எடுத்துவிடலாம். ஆனால் அது முன்பக்க உடைப்பைத்தான் நன்றாகக் காட்டும். பின்னால், முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பைக் குடல் காற்று மறைத்துவிடும். இந்த அம்மாவுக்கும் முன்னால் ஒரு விரிசல் தெரிந்தது. இடுப்பெலும்பு ஒரு வளையம். கண்ணாடி வளையலை ஒரே இடத்தில் மட்டும் உடைத்துப் பாருங்களேன்! முன்னால் உடைந்திருந்தால் பின்னாலும் தேட வேண்டும். சிடி எடுத்தோம், சேக்ரத்தில் கோடு. நல்லவேளை, எலும்பு விலகவில்லை, ஆபரேஷன் தேவைப்படவில்லை.

சிடி சில நிமிட வேலை. மருந்து செலுத்தி எடுத்தால் ரத்தம் எங்கே கசிகிறது என்பதும் தெரியும். கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் லாரி மோதி வந்தவருக்கு அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கர்ப்பமாக இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

“அப்படியே எம்ஆர்ஐயும் எடுத்துடுங்க, அதுதானே பெரிய ஸ்கேன்?” என்றார் மகன். விலை கூடினால் பெரிது என்று யார் சொன்னது? உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருப்பவரை அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் படுக்க வைப்பது ஆபத்து. வயதானவர் விழுந்து, மற்ற படங்களில் எதுவும் தெரியாமல், காலை ஊன்ற முடியாமல் தவித்தால் அப்போது எம்ஆர்ஐ உதவும்.

ஒரு சின்ன விஷயம். ‘இடுப்பு வலி’ என்றால் பலர் முதுகின் அடிப்பகுதியைச் சொல்கிறார்கள், சீட்டிலும் அப்படியே எழுதி முதுகுத்தண்டை எக்ஸ்ரே எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வலிக்கும் இடத்தைக் கையை வைத்துக் காட்டுங்கள்.

விழுந்தவரைக் கைத்தாங்கலாக நடத்திப் பார்க்காதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்திச் சோதிக்காதீர்கள், நாங்களே அதைச் செய்வதில்லை. 108ஐக் கூப்பிடுங்கள். அவர்கள் இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டும்போது, சேலை செருகும் இடத்துக்குக் கீழே, தொடை தொடங்கும் மட்டத்தில் கட்டுவார்கள். “இன்னும் மேலே கட்டுங்க” என்று சண்டை போடாதீர்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அப்புறம், செலவுக்குப் பயந்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். இந்த அம்மா வந்தது ஐந்தாம் நாள்.

எல்லாம் சொல்லி முடித்து மருந்துச் சீட்டு எழுதும்போது மகன் மெதுவாகக் கேட்டார்: “அப்ப எம்ஆர்ஐ எப்ப சார் எடுக்கணும்?”