கவுண்டிக்கு வந்த ஃபெடரல் பணத்துக்குக் கணக்குக் கேட்கப் போகிறீர்களா?

அமெரிக்காவில் உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற உள்ளூர் அரசின்) சுகாதாரத் துறைக்கோ, போலீஸ், தீயணைப்புத் துறைக்கோ வாஷிங்டனிலிருந்து, அதாவது ஃபெடரல் என்கிற மத்திய அரசிடமிருந்து, வந்த பணம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அந்த உரிமையில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கேட்கிற இடம் கொஞ்சம் பிசகினாலும் மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, ‘அப்படி ஓர் ஆவணம் எங்களிடம் இல்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-ல் கேர்ஸ் சட்டம் என்ற கோவிட் நிவாரணச் சட்டம் மாநில, உள்ளூர், பழங்குடி அரசுகளுக்கு 15,000 கோடி டாலர் கொடுத்தது. 2021-ல் அமெரிக்கன் ரெஸ்க்யூ பிளான் என்ற அடுத்த நிவாரணச் சட்டம் இன்னொரு 35,000 கோடி. முதல் நிதியில், சுகாதார, பொதுப் பாதுகாப்பு ஊழியர்களின் சம்பளத்தைக் கோவிட் செலவாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நிதித்துறையே சொல்லிவிட்டது. எப்போதும் கொடுத்துவந்த போலீஸ் சம்பளத்தை இந்தக் கணக்கில் எழுதிவிட்டு, மிஞ்சிய சொந்தப் பணத்தை வேறு பக்கம் திருப்ப முடிந்தது. இரண்டாவது நிதியில், 1 கோடி டாலர் வரை ‘வருவாய் இழப்பு’ என்று சொல்லி எடுத்துக்கொள்ள முடிந்தது. இழப்பை நிரூபிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ‘அரசுச் சேவைகள்’ என்று எழுதினால் போதுமாக இருந்தது. எல்லாம் சட்டப்படிதான். ஆகவே திருடனைத் தேடிக்கொண்டு கிளம்பாமல், எந்தத் தலைப்பில் பணத்தை எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

பலரும் சறுக்குவது மனு போடும் இடத்தில். ஃபெடரல் தகவல் சுதந்திரச் சட்டம் ஃபெடரல் அலுவலகங்களுக்கு மட்டும்தான். கவுண்டியின் பில், ஒப்பந்தம் எல்லாம் வேண்டுமென்றால் உங்கள் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தில்தான் கேட்க வேண்டும். விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்: ஃபெடரல் சட்டத்தில் யாரும் கேட்கலாம், குடியுரிமை தேவையில்லை. ஆனால் வர்ஜீனியா, டென்னசி போன்ற சில மாநிலங்களின் சட்டம் ‘மாநிலக் குடிமக்கள்’ என்று கோடு போட்டிருக்கிறது. வர்ஜீனியாவின் கட்டுப்பாடு செல்லும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அங்கே கவுன்ட்டரில் மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்த மாநிலக் குடிமகனான நண்பர் ஒருவர் பெயரில் மனு போட்டுவிடுங்கள்.

அடுத்து, என்ன கேட்பது? தெரிந்த குடும்பம் ஒன்று, ஆம்புலன்ஸ் சேவைக்கு வந்த பணம் எப்படிச் செலவானது என்று விளக்கம் கேட்டு எழுதியது. விளக்கம் எழுதித் தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை; இருக்கிற ஆவணத்தைத் தந்தால் போதும். கடிதம் அப்படியே திரும்பி வந்தது. ‘திட்ட எண் 21.027, இந்த நிதியாண்டு, பொதுப் பேரேட்டின் (வரவு செலவுக் கணக்குப் புத்தகத்தின்) பதிவுகள், எக்செல் கோப்பாக’ என்று மாற்றி எழுதியபோதுதான் கோப்பு வந்தது. 21.027 என்பது ரெஸ்க்யூ பிளான் நிதியின் எண். ஒவ்வொரு ஃபெடரல் திட்டத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு: சுகாதாரத் துறையுடையது 93-இல் தொடங்கும், நீதித் துறையுடையது 16-இல். எண் இல்லாமல் கேட்டால் ‘மனு மிகப் பரந்ததாக இருக்கிறது, குறிப்பாகக் கேளுங்கள்’ என்பார்கள். ஆவணத்துக்கான கட்டணம் இவ்வளவைத் தாண்டினால் முன்கூட்டியே சொல்லவும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஃபெடரல் பணச் செலவைப் பற்றிய ஆண்டுத் தணிக்கை அறிக்கைக்குப் பெரும்பாலும் மனுவே வேண்டாம். இந்த அறிக்கைகளைச் சேர்த்து வைக்கும் ஃபெடரல் ஆடிட் கிளியரிங்ஹவுஸ் இணையதளத்தில் ஊர் பெயரைப் போட்டால் வந்துவிடும். ஆனால் ‘தணிக்கையில் குறை ஏதும் இல்லை’ என்று கவுன்சில் கூட்டத்தில் யாராவது அறிக்கையைத் தூக்கிக் காட்டினால் உடனே அடங்கிவிடாதீர்கள். தணிக்கையாளர் எல்லாத் திட்டத்தையும் பார்ப்பதில்லை. சில பெரிய திட்டங்களைத் தேர்ந்தெடுத்து, மொத்த ஃபெடரல் செலவில் 40 சதவீதத்தைத் தொட்டால் போதும். ஆபத்துக் குறைவு என்று பெயர் வாங்கிய அரசுக்கு 20 சதவீதமே போதும். உங்கள் சுகாதார நிதியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நல்ல அறிக்கை வந்திருக்கலாம். எந்தத் திட்டங்களைச் சோதித்தார்கள் என்பது அறிக்கையின் பின்பகுதியில், ‘கண்டறிதல்களும் கேள்விக்குரிய செலவுகளும்’ என்ற பட்டியலில் இருக்கும். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள். போன வருடக் குறையே இந்த வருடமும் இருந்தால், அதைப் பென்சிலால் வட்டமிட்டு எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். ‘கேள்விக்குரிய செலவு’ என்றால் களவு என்று அர்த்தமில்லை. ரசீது இல்லாமலிருந்தாலும் அதே பெயர்தான். பொதுவில் வாய் விடுமுன் இதை நினைவில் வையுங்கள்.

அறிக்கையே கிடைக்கவில்லையா? ஓராண்டில் ஃபெடரல் பணம் 7,50,000 டாலருக்குக் குறைவாகச் செலவு செய்தவர்களுக்கு இந்தத் தணிக்கை கிடையாது. 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய நிதியாண்டுகளுக்கு வரம்பு 10 லட்சம் டாலராகிவிட்டது. வந்த பணம் அல்ல, செலவழித்த பணம்தான் கணக்கு. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: பணத்தைத் தனியார் கம்பெனிக்கு ‘ஒப்பந்ததாரர்’ என்று கொடுத்தால், அந்தக் கம்பெனி இந்தத் தணிக்கைக்குள் வராது. ‘துணைப் பெறுநர்’, அதாவது திட்டத்தின் ஒரு பகுதியையே நடத்துபவர், என்று கொடுத்தாலும் லாபத்துக்கு நடக்கும் கம்பெனிக்கு இந்தத் தணிக்கை கட்டாயமில்லை. ஆகவே ஒப்பந்தத்தையும் பில்களையும் கவுண்டியிடமே கேட்டு வாங்குங்கள்.

முறைகேடு என்று நிஜமாகவே ஆதாரம் கிடைத்தால், பணம் கொடுத்த ஃபெடரல் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கு (போலீஸ் ஐ.ஜி. அல்ல, துறையின் முறைகேடுகளை விசாரிக்கும் கண்காணிப்பு அதிகாரி) எழுதலாம். நீங்கள் அந்த நிதியில் வேலை பார்க்கும் ஊழியராக இருந்து, புகார் சொன்னதற்காக வேலை போனால், பழிவாங்கல் புகாரை 3 ஆண்டுக்குள் அதே இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் கொடுக்க வேண்டும். மனிதவளத் துறையில் வாய்மொழியாகச் சொன்னது அந்தப் புகாராக ஆகாது.