டிரைவர் பாதியில் நின்றுபோனால்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில், ஒரு சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் தன் வேலையை ‘ப்ரோப்’ என்ற ஃபங்ஷனில் தொடங்கும். தொடுதிரை ஒன்றுக்கான டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். ப்ரோப் முதலில் தனக்கு வேண்டிய மெமரியை வாங்கும். பிறகு திரைக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரைப் போடும், சிப்புக்குத் தாளம் தரும் க்ளாக்கை ஓடவிடும், விரல் பட்டால் தன்னைக் கூப்பிடும்படி இன்டரப்டைப் பதிவு செய்யும். எல்லாம் முடிந்ததும் உள்ளீட்டுச் சாதனமாகக் கர்னலிடம் பெயர் கொடுக்கும்.

இந்தக் கடைசிப் படி நடக்கவில்லை என்றால்? டிரைவர் ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டுக் கிளம்பிவிட முடியாது. இன்டரப்டை விடுவித்து, க்ளாக்கை நிறுத்தி, ரெகுலேட்டரை அணைத்து, மெமரியைத் திருப்பித் தர வேண்டும். கட்டிய பந்தலைப் பிரிப்பது மாதிரி, கடைசியில் கட்டியதை முதலில் அவிழ்க்க வேண்டும். இன்டரப்டை விடுவிக்க மறந்து மெமரியை மட்டும் திருப்பிக் கொடுத்தால், அடுத்து யாராவது திரையைத் தொடும்போது கர்னல் பழைய முகவரிக்கே போகும். அங்கே இப்போது வேறு எதன் தரவோ இருக்கலாம். அதற்குப் பிறகு நடப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

நிரலின் வேறோர் இடத்துக்கு நேரே தாவும் ‘கோட்டூ’ (goto) கட்டளையைத் தொடவே கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கர்னலில் நிலைமை தலைகீழ். ஃபங்ஷனின் அடியில், தாவிச் சேர வேண்டிய இடங்களின் பெயர்களான லேபிள்களை வரிசையாக வைத்து, எந்தப் படியில் சறுக்கினோமோ அதற்குரிய லேபிளுக்குத் தாவுவதைத்தான் கர்னலின் நடை விதிகளே பரிந்துரைக்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் புதிதாக ஒரு படியைச் சேர்ப்பவர் லேபிளை மாற்ற மறப்பது சர்வசாதாரணம்.

2001-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினக்ஸ் நிரலை அலசியபோது, டிரைவர்களில் பிழை விகிதம் கர்னலின் மற்ற பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகமாக இருந்தது. பிழை கையாளும் வரிகளைப் பொறுத்தவரை எனக்குத் தெரியும் முக்கியக் காரணம், அவை ஓடுவதே அபூர்வம் என்பதுதான். நல்ல பலகையில், நல்ல திரையில், மெமரி தாராளமாக இருக்கும் கணினியில் சோதித்தால் அந்த லேபிள்களின் பக்கம் யாரும் போகவே மாட்டார்கள்.

இதை ஓரளவு மாற்றியது 2012-ல் வந்த ஓர் ஏற்பாடு. ஏஆர்எம் வகைச் செயலி உள்ள பலகைகளில் ரெகுலேட்டருக்கும் தனி டிரைவர் உண்டு. அது இன்னும் தயாராகவில்லை என்றால் தொடுதிரை டிரைவர் -517 என்ற எண்ணைத் திருப்பித் தரும். ‘இப்போது முடியாது, அப்புறம் கூப்பிடு’ என்று பொருள். கர்னல் பிறகு மீண்டும் ப்ரோப்பை அழைக்கும். அப்படிப் பார்த்தால், எப்போதோ ஒருமுறை ஓடிய பிழைப் பாதை பல பலகைகளில் பூட் ஆகும் போதெல்லாம் ஓடத் தொடங்கியது. வாங்கியதைத் திருப்பித் தராமல் விட்ட, அதுவரை மூடி மறைந்திருந்த கசிவுகள் வெளியே வந்தன.

சில பிழைகள் வெறும் கண்ணுக்குச் சிக்காது. இன்டரப்ட் எண்ணைக் கேட்கும் ஃபங்ஷன், கிடைக்காவிட்டால் -6 தரும். அதைக் கழித்தல் குறியே இல்லாத 32 பிட் மாறியில் வைத்தால் 4294967290 ஆகிவிடும். ‘பூஜ்யத்தைவிடக் குறைவா’ என்று அடுத்த வரியில் எத்தனை முறை கேட்டாலும் பதில் ‘இல்லை’தான். இன்னொன்று, சாதனத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் ஒரு பழைய ஃபங்ஷன். எழுப்ப முடியாமல் போனாலும், சாதனம் எத்தனை இடங்களில் பயன்பாட்டில் இருக்கிறது என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிடும். இது தெரியாமல் எழுதிய டிரைவர்கள் ஏராளம். பிழை வந்தால் எண்ணிக்கையைத் தானே குறைத்துவிடும் புதிய வடிவம் 2020-ல்தான் வந்தது. பழையதை அப்படி வடிவமைத்திருக்கவே கூடாது என்பது என் கட்சி.

விடுவிக்கும் வேலையைக் கர்னலிடமே ஒப்படைக்கும் ‘டெவ்எம்’ வகை ஃபங்ஷன்கள் 2007-லேயே வந்துவிட்டன. ப்ரோப் தோற்றாலும் சாதனத்தைக் கழற்றினாலும் வாங்கியதெல்லாம் தலைகீழ் வரிசையில் தானே விடுபடும். இதைப் பாதி மட்டும் பயன்படுத்துவதுதான் ஆபத்து. இன்டரப்டை டெவ்எம் முறையில் வாங்கி, க்ளாக்கைக் கையால் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். கையால் எழுதியது முதலில் ஓடும், க்ளாக் நின்றுவிடும். இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் ஓர் இன்டரப்ட் வந்து சேர்ந்தால், க்ளாக் இல்லாத ரெஜிஸ்டரை (சிப்பினுள் இருக்கும் சிறு நினைவிடத்தை) படிக்கப்போய்ச் சில சிப்களில் மொத்தக் கணினியும் உறைந்துவிடும். திருத்த வேண்டுமானால் க்ளாக்கையும் டெவ்எம் வரிசைக்குள் கொண்டுவர வேண்டும், அல்லது இரண்டையுமே கையால் செய்ய வேண்டும்.

இத்தகைய ஓட்டைகளைத் தேட காக்சினெல், ஸ்மாட்ச் போன்ற கருவிகள் இருக்கின்றன. நிரலை ஓட்டாமலே படித்துச் சந்தேகத்துக்குரிய வரியைக் காட்டும். மெமரி கேட்கும்போது வேண்டுமென்றே ‘இல்லை’ என்று சொல்லவைக்கும் வசதி கர்னலுக்குள்ளேயே உண்டு. அதைப் போட்டு ஓட்டினால் யாரும் போகாத லேபிள்களுக்கும் போய்ப் பார்க்கலாம். இருந்தாலும் கருவி காட்டிய இடத்தில் ஒரு விடுவிப்பு வரியைச் சேர்த்துவிட்டால் வேலை முடியாது. வேறொரு ஃபங்ஷன் அதை ஏற்கெனவே விடுவித்திருந்தால், கசிவு போய் இரட்டை விடுவிப்பு வந்திருக்கும். அது கசிவைவிட மோசம். பல திருத்தங்களின் குறிப்பில் ‘கம்பைல் மட்டும் செய்து பார்த்தது’ என்றே எழுதியிருப்பார்கள், அதாவது சாதனத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை. பத்து வருடப் பழைய சாதனத்தைச் சோதிக்க எங்கே போய்த் தேடுவது?