வகை கூடினாலும் வளம் குறையும்: நீலகிரி நீர்நிலைகளின் மீன்கள்

நீலகிரியின் ஓடைகளிலும் அணைகளிலும் மீன் கணக்கெடுப்பு முடிந்ததும் என்னிடம் முதலில் கேட்கப்படுவது, மொத்தம் எத்தனை வகை கிடைத்தது என்பதுதான். அந்த எண்ணை மட்டும் நம்புவது ஆபத்தானது. உள்ளூர் மீன் இரண்டு வகை அற்றுப்போன ஓடையில் வெளியிலிருந்து வந்த மூன்று வகை குடியேறியிருந்தால், படிவத்தில் ஒரு வகை கூடியதாகவே பதிவாகும். வந்தவை எந்த ஊர் ஏரியிலும் கிடைப்பவை, போனவை இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லாதவையாக இருக்கக்கூடும் என்பது அதில் தெரியாது.

இங்கே வெளிமீன்களைக் கொண்டுவந்து விடுவது பழைய வழக்கம். ஆங்கிலேயரின் தூண்டில் பொழுதுபோக்குக்காக அவலாஞ்சியில் 1907இல், குளிர்நீரில் வாழும் வெளிநாட்டு மீனான டிரவுட்டுக்குப் பொரிப்பகம் அமைந்தது. 1939இல் இலங்கையிலிருந்து சாதாக்கெண்டை வந்தது. 1952இல் இந்தியாவுக்குள் நுழைந்த திலேப்பியா, நம் சந்தைகளின் ஜிலேபி மீன், இன்று தமிழகத்தில் இல்லாத குளம் அரிது. சாதாக்கெண்டை சேற்றைக் கிளறி இரை தேடுவதால் நீர் கலங்கி, நீர்த்தாவரங்களும் அவற்றில் ஒட்டும் முட்டைகளும் கெடுகின்றன. திலேப்பியாவின் பலம் வேறு. வலையில் சிக்கிய பெண் மீனை வாளியில் போட்டால், சில வேளை அதன் வாயிலிருந்து மஞ்சள் முட்டைகளோ கண் திறந்த குஞ்சுகளோ உதிரும்; தாயின் வாய்க்குள்ளேயே காக்கப்படும் அவற்றோடு, முட்டையை நீரில் விட்டுவிட்டுப் போகும் நம் கெண்டையினங்கள் எப்படிப் போட்டியிடும்? ஓடும் நீரைத் தேக்கமாக்கிய அணைகளும் வெளிமீன்களுக்கே வசதியாயின.

சமவெளி ஆற்றில் ஒரு மீன் அற்றுப்போனால் பக்கத்துக் கிளையாற்றிலிருந்து அது மீண்டும் பரவ வழியுண்டு. மலையோடையில் அருவியும் அணையும் வழி மறிக்கின்றன. அருவிக்கு மேலே அழிந்த இனம் கீழிருந்து ஏறி வராது.

நம் நாட்டு மீன் என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. காவிரிப் படுகைக்கே உரிய, கெண்டையினத்தைச் சேர்ந்த பெரிய ஆற்றுமீனான திமில் மஹ்சீர், பவானியின் கிளையாறான மாயாற்றில் இன்னும் எஞ்சியிருக்கிறது. மஹ்சீரைக் காக்கும் நோக்கத்துடன், மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த வேறொரு இனமான நீலத்துடுப்பு மஹ்சீரின் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. தூண்டிலில் சிக்கும் மஹ்சீர்களின் எண்ணிக்கை கூடியது. திமில் மஹ்சீரோ சரிந்தது. உலகமே வியந்த அந்த மீனின் அறிவியல் பெயர் 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

கொசு ஒழிப்புக்காகக் கம்பூசியா, கப்பி என்னும் வெளிநாட்டுச் சிறுமீன்களை கிணறு, ஓடை என்று பாராமல் விடுவதை உள்ளாட்சிகள் நிறுத்த வேண்டும்; கம்பூசியா கொசுப்புழுவோடு பிற மீன்களின் முட்டைகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்னும். தலையுச்சியில் வெள்ளிப்புள்ளி மின்னும் உள்ளூர்ச் சிறுமீனும் கொசுப்புழுவைத் தின்னக்கூடியதே. வீட்டுத் தொட்டியில் அளவுக்கு மீறி வளர்ந்த மீனை ஊட்டி ஏரியிலோ பைக்காராவிலோ விட்டுவிடுவது கருணையாகத் தோன்றலாம். அதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்போர் மழைக்காலத்துக்கு முன்பே கரையை உயர்த்தி, நீர் வழியும் வாயில் நெருக்கமான வலை கட்டிவிட வேண்டும்.