வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி: எங்கே, எப்போது, எந்தச் சான்றுடன்?

உரிமம் பெறாமல் செல்லப் பிராணி வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்ததிலிருந்து, நாய் வளர்ப்பவர்களின் பேச்செல்லாம் அந்த அபராதத்தைப் பற்றியே இருக்கிறது. உரிமக் கட்டணம் வெறும் 50 ரூபாய். விண்ணப்பத்தோடு ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசிச் சான்றையும் இணைக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டில் உயிர்நாடியான காகிதம் அந்தச் சான்றுதான். சென்னையில் உரிமம் பெற வேண்டியவர்கள் மட்டுமல்ல, அபராதம் இல்லாத ஊர்களில் வசிப்பவர்களும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், விலங்குகளைத் தெருவில் வாழ்பவை, வீட்டில் வளர்ப்பவை எனப் பிரிக்கின்றன. தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வளர்ப்பு விலங்கின் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் கருத்தடைக்கும் வளர்ப்பவரே பொறுப்பு. இதற்கு மேல், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவும் உண்டு. தன்னிடம் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வெறிநோயின் அறிகுறிகள் வெளிப்பட்டுவிட்டால் மனிதரானாலும் நாயானாலும் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலமாகவே வருகிறது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் சுமார் 4.80 லட்சம் பேரை நாய் கடித்தது. 43 பேர் வெறிநோயால் இறந்தார்கள். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தெருவில் திரியும் நாயைப் பிடித்து ஊசி போடுவதற்கு ஆளும் வண்டியும் வலையும் வேண்டும். வீட்டு நாயோ கூப்பிட்டால் வருகிறது. எளிதில் முடியக்கூடிய அந்தப் பாதியைக் கூட நாம் விட்டுவைப்பதற்கு என்ன சாக்கு சொல்வது?

“எங்கள் நாய் வாசலைத் தாண்டுவதே இல்லை” என்பதுதான் அதிகம் கேட்கும் சாக்கு. வாசல் ஒரு நாள் திறந்து கிடக்கும். மதிலேறி வரும் பூனையும் உண்டு. பூனைக்கும் ரேபிஸ் வரும், அது கீறினாலும் கடித்தாலும் மனிதருக்குப் பரவும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. “குட்டிதானே” என்ற அலட்சியம் இதைவிட மோசம். குட்டியின் பல் பட்டதை யாரும் வீட்டில் சொல்வதில்லை. குழந்தைகள் சொல்லவே மாட்டார்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி. மூன்று, நான்கு வாரங்கள் கழித்து ஊக்க ஊசி போடச் சொல்வார்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் ஆகும்.

ஊர்ப்புறத்தில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அந்த அரசு கால்நடை மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் இந்த ஊசி போடப்படுகிறது. கால்நடை பராமரிப்புத் துறை இலவச முகாம்களும் நடத்துகிறது. குறிப்பாக ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களை ஒட்டி விசாரியுங்கள். முன்னது விலங்குவழி நோய்கள் தினம். 1885இல் லூயி பாஸ்டர் முதல்முறையாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்ட நாள். பின்னது பாஸ்டர் மறைந்த நாள், இப்போது உலக ரேபிஸ் தினம். சென்னையில் திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் உள்ளிட்ட இடங்களில் மாநகராட்சியின் செல்லப் பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. உரிமத்துக்குக் கட்டாயமாக்கப்பட்ட மைக்ரோசிப்பும் அங்கேயே பொருத்தப்படுகிறது. தோலுக்கடியில் அரிசி மணி அளவில் நிற்கும் அந்தச் சிப்பில் ஓர் அடையாள எண் மட்டுமே இருக்கும். நாய் எங்கே போகிறது என்று அது காட்டாது.

தடுப்பூசி அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசிகள் பலவற்றில் ரேபிஸ் மருந்து இருக்காது. அதைப் போட்டுவிட்டு “எல்லா ஊசியும் ஆயிற்று” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அட்டையில் ரேபிஸ் என்ற பெயர், மருந்துக் குப்பியின் தொகுதி எண், போட்ட தேதி, அடுத்த தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது குறையுள்ள சான்றுதான் ஆளை அலைக்கழிக்கும்.

ஊசி போட்ட நாயே கடித்துவிட்டால்? காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அன்றே போக வேண்டும். அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆழமான காயமாக இருந்தால் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் தேவைப்படும். கடித்த நாயைக் கொல்லவோ துரத்தவோ கூடாது. பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அதற்குள் நடத்தை மாறினாலோ இறந்துபோனாலோ கடிபட்டவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் கால்நடை மருத்துவரிடமும் உடனே தெரிவிக்க வேண்டும்.