மனநோயோடு பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு டிஸெபிலிட்டி பென்ஷன்: எங்கெல்லாம் சிக்க வைக்கிறார்கள்

கோபி, காங்கேயம், தாராபுரம், ஓமலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டாளத்திலிருந்து பாதியில் திரும்பி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். "போகும்போது நல்லாத்தானுங்க போனான், வரும்போதுதான் இப்படி வந்தான்" என்பார்கள். பென்ஷன் வருகிறதா என்று அந்த வீட்டில் கேட்டால், எழுதிப் போட்டோம், கிடையாது என்று கடிதம் வந்தது, அதோடு விட்டுவிட்டோம் என்பதுதான் பல வீடுகளில் பதில். முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில் அந்தக் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் மறுப்புக்குக் காரணமே எழுதியிருக்காது. அந்த வீட்டு மனைவிக்கும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும்தான் இதை எழுதுகிறேன்.

விதி சின்னதுதான். நோய் ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வெளியே அனுப்பும்போது கூடும் மெடிக்கல் போர்டு இரண்டையும் எழுதும். இரண்டும் இருந்தால் பென்ஷனில் பாதிப்புக்கான பங்கு, அதாவது டிஸெபிலிட்டி எலிமென்ட் உண்டு. நோய்க்காகவே பாதியில் வெளியே அனுப்பப்பட்டவருக்கு, அதாவது 'போர்டு அவுட்' ஆனவருக்கு, வேலை பார்த்ததற்கான பங்கான சர்வீஸ் எலிமென்ட்டும் சேரும், அதற்குக் குறைந்தபட்சம் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கிடையாது. 100 சதவீத பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது டிஸெபிலிட்டி எலிமென்ட்டின் அளவு. சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000. கணக்கில் எடுக்கும் பாதிப்பு 50 சதவீதம் என்றால் 6,000. அகவிலை நிவாரணம் தனி. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வருகிறவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. நான் சொல்வது அதற்கு முன்னால் வந்தவர்களுக்கு. நம் பக்கம் காத்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

போர்டு எழுதும் அந்த ஒரு வரி

மனநோய் வழக்குகளில் போர்டு வழக்கமாக எழுதுவது: "இது உடல்வாகு சார்ந்த நோய், பணிக்குச் சம்பந்தமில்லை." சில கடிதங்களில் அதுகூட இருக்காது, என்.ஏ.என்.ஏ. என்று நான்கு எழுத்து மட்டும் இருக்கும்; பணியால் வரவுமில்லை, அதிகமாகவுமில்லை என்று அர்த்தம். பதினைந்து வருடம் வேலை பார்த்த ஒரு மனிதனின் பிழைப்பை இப்படி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகச் சொன்னது. சேரும்போது செய்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்று காட்ட வேண்டியது ராணுவத்தின் பொறுப்பு. போர்டு காரணம் எழுதியாக வேண்டும். 2025ல் ராஜுமோன் வழக்கிலும், ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயால் வெளியே அனுப்பப்பட்டவருக்குக் காரணம் சொல்லாத போர்டு அறிக்கையை வைத்து பென்ஷனை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இதைக் கேட்டதும் கட்டாயம் ஜெயித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019ல் நர்சிங் யாதவ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், மனநோயைச் சேரும்போதே கண்டுபிடிப்பது கடினம், எனவே குறிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்துப் பணியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது என்று மறுத்திருக்கிறது. ராணுவ வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். அதனால் போர்டு காரணம் எழுதவில்லை என்பதோடு நிறுத்தாமல், பணியில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, கேட்டால் ஒழிய யாரும் சொல்ல மாட்டார்கள். ராணுவ மருத்துவர்களுக்கான கையேட்டில், 2008ல் திருத்தப்பட்ட வடிவில், மனநோயைப் பற்றித் தனிப் பகுதி உண்டு. போர்ப் பகுதி, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை, உயரமான மலைப் பகுதி, ஆள் அரவமற்ற காவல் நிலை போன்ற இடங்களில் இருக்கும்போது நோய் வந்தால் அதைப் பணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது. இன்னொன்றும் சொல்கிறது. வீட்டில் சாவு போன்ற பெரிய நெருக்கடி நேர்ந்து, பணி காரணமாக லீவு மறுக்கப்பட்டு, அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வந்திருந்தால் பணியால் அதிகமானது என்று கொள்ள வேண்டும்.

அப்பா செத்ததற்கு லீவு கிடைக்காமல் போனதை எத்தனை பேர் எனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்! மனுவில் அதை எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. உட்கார்ந்து தேதி போட்டு எழுதுங்கள்: எந்த ஊரில் எந்த வருடம் இருந்தார், எப்போது லீவு கேட்டார், வீட்டுக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தார். அந்தப் பழைய இன்லேண்ட் லெட்டர்களைப் பரணில் தேடி எடுங்கள். நோய் தெரிந்தபோது அவர் சமாதானப் பகுதியில், அதாவது புனேயிலோ செகந்தராபாத்திலோ இருந்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு மறுப்பார்கள். அதற்கு முந்திய போஸ்டிங் காஷ்மீரா, வடகிழக்கா, சியாச்சினா என்று முழுப் பட்டியலையும் வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் வாய்விட்டு மாட்டிக்கொள்வதும் உண்டு. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்பார். "சித்தப்பா ஒருத்தர் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தாருங்க" என்று யாரோ போகிற போக்கில் சொல்வார்கள். அது பரம்பரை நோய் என்று பதிவாகி வாழ்நாள் முழுக்கத் துரத்தும். பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரியாததை ஊகமாகச் சொல்லாதீர்கள். குடியும் அப்படித்தான். குடிக்கு அடிமை என்று நோயின் பெயர் விழுந்துவிட்டால் பென்ஷன் கிடைப்பது மிகக் கடினம். தூக்கம் வராமல், பயந்து, அதற்காகக் குடிக்க ஆரம்பித்தவர் என்றால் அந்த முந்தைய நோய் பதிவாக வேண்டும்.

ஓடிப்போனவர் என்ற முத்திரை

நான் பார்த்ததிலேயே கொடுமை இதுதான். லீவில் வந்தவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், அல்லது இரவெல்லாம் கத்துகிறார். வீட்டில் பயந்துபோய் குணசீலத்துக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்க வைக்கிறார்கள். கோயிலுக்குப் போவது அவரவர் நம்பிக்கை. ஆனால் லீவு முடிந்து 30 நாள் தாண்டினால் விசாரணை வைத்து ஓடிப்போனவர் என்று எழுதிவிடுவார்கள். பிறகு வேலைநீக்கம். அதோடு எல்லா பென்ஷனும் போச்சு.

எனவே லீவில் இருக்கும்போது நோய் தெரிந்தால் முதல் வேலையாக வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். முடியவில்லை என்றால் கோவை அரசு மருத்துவமனை மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் சேர்த்து, அந்தச் சீட்டின் நகலோடு யூனிட்டுக்கும், அவருடைய பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கும் அன்றைக்கே ரிஜிஸ்தர் தபால் போடுங்கள். போனில் சொன்னோம் என்பது எங்கும் நிற்காது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், இலவசம்.

ஆவணம் கைக்கு வராமல் மனு போடாதீர்கள்

பல வீடுகளில் ராணுவ எண்கூடத் தெரியாது. நோயின் வேகத்தில் அவரே காகிதங்களைக் கிழித்திருப்பார். டிஸ்சார்ஜ் புக், கேன்டீன் கார்டு, பழைய லீவு சர்டிபிகேட் ஏதாவது ஒன்றில் எண் இருக்கும். அதை வைத்து ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: மெடிக்கல் போர்டு அறிக்கை முழுவதும், சேரும்போது செய்த பரிசோதனைப் படிவம், யூனிட் அதிகாரி எழுதிய மனநல அறிக்கை, பென்ஷன் மறுத்த கடிதம், போஸ்டிங் விவரம். யூனிட் அதிகாரியின் அறிக்கை முக்கியம். முன்பு நன்றாக வேலை பார்த்தார், இந்தத் தேதியிலிருந்து மாறிவிட்டார் என்று அவரே எழுதியிருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

மனைவி பெயரில் கேட்டால் மூன்றாம் நபரின் மருத்துவ விவரம் என்று திருப்பிவிடுவார்கள். அவர் கையெழுத்திலேயே கேளுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணத்தை 25 வருடம் கழித்து அழித்துவிட்டோம் என்றும் பதில் வரும். அதனால் 1990களின் கடைசியிலோ 2000களின் தொடக்கத்திலோ வந்தவர்கள் இந்த மாதமே எழுதிவிடுங்கள்.

அப்புறம் அலைச்சல். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போ என்பார்கள். ரெக்கார்ட்ஸில் அலகாபாத் (இப்போது பிரயாக்ராஜ்) பென்ஷன் அலுவலகம் என்பார்கள். அலகாபாத்தில் ரெக்கார்ட்ஸ் சிபாரிசு வரவில்லை என்பார்கள். வயலை ஒத்திக்கு வைத்துவிட்டு இந்த வட்டத்தில் சுற்றிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பணம் கணக்கிடுவது மட்டும்தான் அலகாபாத் வேலை. மனுவும் மேல்முறையீடும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாகத்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்தராபாத். மாவட்ட அலுவலகம் அனுப்பி வைக்கலாம், முடிவெடுக்க முடியாது. அங்கே கொடுத்தால் தேதியும் முத்திரையும் போட்ட நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பெயரில் ஓர் எழுத்து தட்டினாலும் திருப்பி அனுப்புவார்கள். நம் பக்கத்துப் பழனிசாமிகளுக்கும் சுப்பிரமணியங்களுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒன்று, பேங்கில் ஒன்று. இன்ஷியலை ஓரிடத்தில் விரித்து எழுதியிருப்பார்கள், இன்னோரிடத்தில் விட்டிருப்பார்கள். மனைவி பெயர் ராணுவப் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முதலில் இதைச் சரி செய்துவிட்டு மற்றதை ஆரம்பியுங்கள்.

சதவீதத்தில் போகும் பணம்

போர்டு அவுட் ஆனவருக்கு 20 சதவீதத்துக்குக் கீழே போட்டு மறுத்திருந்தால், 2014ல் வந்த சுக்விந்தர் சிங் தீர்ப்பைக் காட்டுங்கள். வேலையை விட்டே அனுப்பும் அளவுக்கு நோய் இருந்தால் அது 20க்குக் கீழே இருக்க முடியாது என்கிறது. ஒப்பந்த காலம் முடிந்து வந்தவருக்கு 20க்குக் கீழே என்றால் கிடைக்காது. 2019ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது, அதற்கு வக்கீலிடம் பணம் கொட்டாதீர்கள். 20 அல்லது 30 சதவீதத்துக்கு ஏற்கனவே வாங்குகிறவர்கள், அது 50ஆக உயர்த்திக் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சொல்லியாகிவிட்டது. கேட்காதவர்களுக்கு இன்னும் பழைய கணக்கிலேயே வந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது. பிறகு சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மேல்முறையீடு செய்யாமல் நேரே போனால் திருப்பி அனுப்புவார்கள். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகியும் பதில் இல்லை என்றால் காத்திருக்காமல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பலர் அந்தப் பதிலுக்காக வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காலம் கடந்துவிட்டது என்று சொன்னால் பயப்படாதீர்கள். பென்ஷன் மாதா மாதம் மறுக்கப்படும் உரிமை, அதனால் தாமதத்துக்காகக் கதவைச் சாத்திவிட முடியாது என்று 2008ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலுவை மட்டும் பொதுவாக வழக்குப் போட்ட தேதிக்கு முந்திய மூன்று வருடத்துக்குத்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை கைவிட்டுப் போகிறது.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்கிறவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு. 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற சட்ட உதவித் திட்டமும் வந்திருக்கிறது. நிலுவையில் இத்தனை பங்கு தா என்று பேசுகிறவர் வக்கீலாகவே இருந்தாலும் அது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். வெற்று பேப்பரிலும் வெற்று செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். ஆட்களுக்கு இந்த ராணுவ பென்ஷன் விதிகள் பொருந்தாது. அவர்களுக்கு வேறு பென்ஷன் விதி, வழக்கு உயர் நீதிமன்றத்தில். தெரியாமல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

தீர்ப்பு சாதகமாக வந்த பிறகும் பணம் தானாக வராது. குறிப்பிட்ட மாதத்துக்குள் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், அந்தத் தேதி தாண்டியதும் நிறைவேற்றக் கோரி அதே தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். வக்கீலிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பணம் வர ஆரம்பித்ததும் ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளக் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை உயிர்ச் சான்று தர மறந்தால் பென்ஷன் நின்றுவிடும், அவருக்கு அது நினைவிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.