குப்பைமேட்டு மீத்தேனை எத்தனை மணிக்கு அளப்பது?

"வெள்ளக்கல் மாதிரியான குப்பைக் கிடங்கில் மீத்தேன் வரம்பு மீறிவிட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" மதுரை அவனியாபுரம் வாசகர் ஒருவரின் கேள்வி. கருவி வைத்து அளப்பார்கள் என்பது பாதி விடைதான். எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மட்கும் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும் என்பது பள்ளிப் பாடம். மேட்டுக்குள் உண்டாகும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அந்த 5 சதவீதம் வெடிப்பின் கீழ் எல்லை. அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகளும் சொல்லின, 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்லின. கன அளவில் அது 1.25 சதவீதம்.

குழப்பம் இங்கேயே தொடங்கிவிடும். கருவி 20 என்று காட்டினால், அது கீழ் எல்லையில் 20 சதவீதமா, கன அளவில் 20 சதவீதமா? முதலாவது என்றால் 1 சதவீத மீத்தேன், வரம்புக்குள் இருக்கிறது. இரண்டாவது என்றால் பதினாறு மடங்கு மீறல். அலகு எழுதாத அறிக்கையை ஏற்கவே கூடாது.

கருவியின் வகையும் முக்கியம். பாதுகாப்புக்காகச் சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளும் மலிவான மீட்டர்கள் பல, உள்ளே மீத்தேனைச் சூடான சிறு உருண்டையில் எரித்து அளப்பவை. எரிய ஆக்சிஜன் வேண்டும். வாயுவை அளக்க மண்ணுக்குள் இறக்கிய குழாயில் ஆக்சிஜன் இருக்காது. அதனால் மீத்தேன் நிறைந்திருந்தாலும் மீட்டர் ஒரு கணம் ஏறிவிட்டு இறங்கி, ஒன்றுமில்லை என்பதுபோல் நிற்கும். குழாய்க்குள் அளக்க, எரிக்காமல் அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கருவிதான் சரி. முதலில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு உறிஞ்சி, எண் நிலைத்த பின் எழுத வேண்டும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு அளந்தால் உள்ளே இருந்த அழுத்தமும் போச்சு, வாயுவும் போச்சு.

இப்போது மணிக்கணக்குக்கு வருவோம். ஓசோனும் நீராவியும் வெயிலை உறிஞ்சுவதால் வளிமண்டலம் முழுவதும் ஓர் அழுத்த அலை எழுகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு வாக்கில் தாழ்வு. இரவு பத்தில் மறுபடி உச்சம், விடிகாலை நான்கில் மறுபடி தாழ்வு. ஐரோப்பாவில் இது தினசரி வானிலை மாற்றங்களுக்குள் அமுங்கிப்போகும். நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி தள்ளி இருக்கும் மதுரையில் அப்படியல்ல. காற்றழுத்தமானியை மேசைமேல் வைத்துப் பார்த்தாலே தெரியும், பகலில் சுமார் 3, 4 மில்லிபார் இறங்கும்.

மொத்தக் காற்றழுத்தமே சுமார் ஆயிரம் மில்லிபார், அதில் நான்கு தானே என்று தோன்றலாம். பத்து மீட்டர் உயர மேட்டில் நூற்றுக்கு முப்பது பங்கு வாயு நிறைந்த இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு அடியில் 3 கன மீட்டர் வாயு இருக்கும். வெளி அழுத்தம் ஆயிரத்தில் நான்கு குறைந்தால் அது 12 லிட்டர் விரியும். ஒரு ஹெக்டேருக்கு 120 கன மீட்டர். இது தோராயம்தான், ஆனால் புதிதாக ஒரு சொட்டு மீத்தேன்கூட உண்டாகாமல், அழுத்தம் இறங்குவதாலேயே இவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது. கொல்லன் துருத்தியைப் போல மேடு பகலில் வெளியே ஊதும், அழுத்தம் ஏறும்போது காற்றை உள்ளே இழுக்கும். மேல்மண்ணில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. மெதுவாக வரும் வாயுவை அவை தின்றுவிடும். விரிசல் வழியே வேகமாக வருவதை அவற்றால் பிடிக்க முடியாது, அதிலும் சித்திரை வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது.

ஆகவே வெயிலுக்கு முன் வேலையை முடிக்கலாம் என்று காலை எட்டு மணிக்கு அளந்தால், அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் குறைவான எண்தான் கிடைக்கும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள் அளப்பதே நேர்மையான அளவு.

புயல் சின்னம் வந்தால் இறக்கம் இன்னும் பெரிது. 1986 மார்ச் 24 அன்று இங்கிலாந்தின் லாஸ்கோ ஊரில் ஏழு மணி நேரத்தில் 29 மில்லிபார் இறங்கியது. பக்கத்துக் குப்பைக்குழியின் மீத்தேன் நிலத்தடியே நகர்ந்து ஒரு வீட்டையே தகர்த்தது. நம் ஐப்பசி மழையில் இன்னொன்றும் சேரும்: நனைந்த மேல்மண் அடைத்துக்கொள்ள, வாயு பக்கவாட்டில் பாறை வெடிப்புகள் வழியே போய்க் கிணறுகளைத் தேடும். கிணற்றில் விஷவாயு இருக்கிறதா என்று விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. குப்பைமேட்டுக்கு அருகில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அணைவதற்குப் பதில் வெடிக்கும்.

என்னைக் கேட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வாங்கும் ஒவ்வொரு அளவுத்தாளிலும் நேரமும், அதற்கு முந்தைய ஆறு மணி நேர அழுத்தப் போக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். அழுத்த உணரி சில நூறு ரூபாய்தான். குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெரிய திட்டங்களுக்குப் பணம் தேடும் நாம், மேட்டைச் சுற்றி ஆண்டு முழுவதும் அளக்கும் ஆராய்ச்சிக்கு ஒரு சிறு பங்கையாவது ஒதுக்க வேண்டும்.

வரம்பு மீறினால், மேட்டிலிருந்து வாயுவை உறிஞ்சி எடுக்கும் குழாயின் வால்வை ஒரேயடியாகத் திறப்பதும் தவறு. அதிகம் இழுத்தால் வெளிக்காற்று குப்பைக்குள் நுழைந்து, உள்ளேயே தீப்பிடிக்கும். சிறிது சிறிதாகத் திறந்து, ஆக்சிஜன் 5 சதவீதத்தையோ வெப்பம் 55 டிகிரியையோ நெருங்கினால் வால்வைத் திரும்பக் குறைத்துவிட வேண்டும்.