யன்னலைத் திறந்துவிட்டால் பூஞ்சணம் போகுமா?

வெள்ளவத்தையில் கடல் பக்கத் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடி. சின்ன அறைக்குள் இரண்டு இரும்பு இறாக்கை, அவற்றில் தட்டுத் தட்டாகக் கடுகு, வெந்தயம், முள்ளங்கி. விதையை நெருக்கமாகத் தூவி, இரண்டு அங்குலம் வளர்ந்ததும் நறுக்கி விற்கிற மைக்ரோகிரீன். மேலே எல்.ஈ.டி. விளக்கு. கதவைத் திறந்த உடனேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது: மழைக்காலத்தில் காயாமல் கிடந்த துவாயின் மணம்.

"தம்பி, இந்த அறைக்குக் கடல் காத்து நல்லா வருது. இரவு முழுக்க யன்னல் திறந்துதான் கிடக்கு. பிறகேன் பூஞ்சணம் பிடிக்குது?" என்று அக்கா கேட்டார்.

கொழும்பில் வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்களுக்கு அறை அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஒர்க்கிட், துளசி, லெட்டியூஸ், மைக்ரோகிரீன் என்று ஆளுக்கு ஆள் செடி மாறும். இந்தக் கேள்வி மட்டும் மாறாது. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது: அக்கா, அந்த யன்னலால்தான்.

குளிர் நாடுகளில் வெளிக்காற்றில் நீராவி குறைவு. யன்னலைத் திறந்தால் வீட்டு ஈரம் வெளியே போகும். அங்கே எழுதுகிற அறிவுரை அங்கே சரி. கொழும்பில் விடிகாலையில் வெளிக்காற்றின் ஈரப்பதன் 85, 90 சதவீதம் என்று நிற்கும். வருடத்தில் கொஞ்சம் வறண்டிருப்பது தை, மாசிப் பக்கம்தான். வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கினாலும் சரி, ஐப்பசி, கார்த்திகை மழையானாலும் சரி, யன்னல் வழியாக வருவது காற்றோடு சேர்ந்த தண்ணீர்.

அக்காவின் அறையில் நடந்தது இதுதான். பகலில் விளக்குச் சூட்டுக்காக ஏசியை 21 பாகையில் போட்டிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு விளக்கு அணையும். கரண்ட் பில்லை நினைத்து ஏசியையும் நிறுத்தி யன்னலைத் திறந்துவிடுவார். அந்த நேரம் இலை, தட்டு, அதில் நிரப்பிய தும்புத்தூள், சுவர் எல்லாமே குளிர்ந்து கிடக்கின்றன. வெளியிலிருந்து வருகிற காற்றோ 24 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணீராக உதிரக்கூடியது. ஏசி வாகனத்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிப் போகிறதே, அதேதான். கண்ணாடியை நாம் துடைத்துவிடுகிறோம். நெருக்கமாக நிற்கிற கடுகுத் தண்டுகளுக்கு இடையில் படிந்த ஈரத்தை யார் துடைப்பது? அது விடியும்வரை அங்கேயே இருக்கும்.

பூஞ்சண வித்தி எங்கும் இருக்கிறது; நீங்கள் இதை வாசிக்கிற அறையிலும் மிதக்கிறது. அதை ஒழிக்க முடியாது. அது முளைப்பதற்குத் தேவையான நனைந்த பரப்பையும் சில மணி நேரத்தையும் கொடுக்காமல் விடலாம், அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

அந்த ஈரத்தின் அளவைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். பத்துக்குப் பத்து அடி அறை, ஒன்பது அடி உயரம் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று சுமார் 25 கனமீற்றர். 28 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் 27 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். 70 சதவீதத்தில் இருக்கிற அந்தக் காற்று முழுதாக நிரம்ப இன்னும் 200 கிராம் நீர் போதும். ஒரு தேத்தண்ணிக் கோப்பை! செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியாகத் திரும்பக் காற்றுக்குத்தான் வருகிறது. காலையில் நாலு லீற்றர் ஊற்றிவிட்டு அறையைப் பூட்டினால் அது வேறு எங்கே போகும்?

தண்ணீரே ஊற்றாவிட்டாலும் இரவில் ஈரப்பதன் ஏறும். ஏசி போடாத அறை ஒன்றில் விளக்கு எரியும்போது 28 பாகை, 75 சதவீதம் என்று வையுங்கள். விளக்கு அணைந்து 25 பாகைக்கு இறங்கினால், அதே காற்று, அதே நீராவி, ஈரப்பதன் மீற்றர் காட்டுவது 89 பக்கம். பகலில் மட்டும் மீற்றரைப் பார்த்துவிட்டு "அண்ணை, எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு நாளின் கூடிய, குறைந்த அளவுகளை நினைவில் வைக்கிற மீற்றராகப் பார்த்து வாங்குங்கள். காலையில் எழுந்ததும் கூடிய அளவைப் பாருங்கள்.

மீற்றரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இது என் சொந்தச் செலவில் படித்த பாடம். தொழில் தொடங்கிய காலத்தில் மலிவான மீற்றர் ஒன்று எந்த நேரமும் 58 காட்டிக்கொண்டிருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். பன்னிரண்டு தட்டும் போன பிறகுதான் அதைச் சோதித்துப் பார்த்தேன். 11 குறைவாகக் காட்டியிருக்கிறது. சோதிக்கிற வழி வீட்டிலேயே இருக்கிறது. சோடாப் போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டு ஈரமான களிபோல ஆக்குங்கள், கரைந்து ஓடக்கூடாது. அதையும் மீற்றரையும் காற்றுப் புகாத பொலித்தீன் பைக்குள் வைத்து மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். மீற்றர் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீற்றர் ஐந்து குறைவாகச் சொல்கிறது. இனி ஐந்தைக் கூட்டி வாசியுங்கள்.

சரி, எவ்வளவில் வைத்திருப்பது? இங்கே கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டும். இணையத்தில் வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றி வருகிற வீடியோக்களில் பெரும்பங்கு சட்டம் அனுமதிக்கிற நாடுகளில் கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எடுத்தவை. கூடாரம், விளக்கு, மின்விசிறி எல்லாம் அங்கிருந்து வந்த ஏற்பாடுதான். இலங்கையில் 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே கஞ்சா தடை. வீட்டில் வளர்ப்பது குற்றம், அந்த வேலைக்கு நான் வருவதில்லை. ஆனால் அந்த வீடியோவில் சொல்கிற எண்களைத் துளசிக்கு வைத்துக்கொண்டு சிரமப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். பூக்கும் காலத்தில் ஈரப்பதனை 40, 50 என்று இறக்கச் சொல்வதற்குக் காரணம், கஞ்சாவின் பூக்கொத்து இறுகிப் பொதிந்தது. நடுவில் ஈரம் சிக்கினால் சாம்பல் பூஞ்சணம் உள்ளிருந்து அழுகவைக்கும், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். லெட்டியூசுக்கும் கீரைக்கும் அந்த அளவு வறட்சி வேண்டியதில்லை. கொழும்பில் 45க்கு இறக்கப் போனால் பில்தான் ஏறும், இலையும் ஓரம் கருகும். பகலில் 60, 65, இரவில் 70ஐத் தாண்டாமல் இருந்தால் நான் திருப்திப்படுவேன்.

சாம்பல் பூஞ்சணம் என்றேன் அல்லவா? பொட்ரைட்டிஸ் என்று பெயர். அதற்குப் பிடித்தது 20 பாகையை ஒட்டிய குளிர். ஸ்ட்ரோபெரியைக் கெடுக்கிற அதே பூஞ்சணம். நுவரெலியாக் குளிர் அதற்கு இதமானது, கொழும்பு பல்கனியின் வெயிலும் சூடும் அவ்வளவு ஒத்துவராது. நாம்தான் ஏசி போட்டு அறைக்குள்ளேயே ஒரு நுவரெலியாவைச் செய்து கொடுக்கிறோம். அதனால் என் முதல் சிபாரிசு 21ஐ விட்டுவிட்டு 26க்கு வாருங்கள் என்பதுதான். கீரை வகைக்கு அது தாங்கும், சுவரும் அவ்வளவு குளிராது.

ஏசியை நம்புவதிலும் ஒரு சிக்கல். கொம்பிரசர் ஓடும்போதுதான் அது ஈரத்தை எடுக்கிறது. அறைக்குப் பெரிய ஏசி என்றால் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து கொம்பிரசர் நின்றுவிடும். காற்றாடி மட்டும் ஓடி, சுருளில் படிந்திருந்த ஈரத்தைத் திரும்ப அறைக்கே ஊதும். 'டிரை' பொத்தான் இருந்தால் இரவில் அதைப் போடுங்கள். அல்லது ஈரமகற்றி இயந்திரம். கொம்பிரசர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கை அளவில் மலிவாக விற்பது நாள் முழுக்க ஓடினாலும் அரைப் போத்தல் சேர்க்காது. இயந்திரம் அறையைச் சூடாக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அது ஓடும்போது யன்னலைத் திறந்து வைத்தால் நீங்கள் காய வைப்பது காலி வீதியை.

மின்விசிறி கட்டாயம், ஆனால் முகத்தில் அடிப்பதுபோல வேண்டாம். இலை மெல்ல அசைந்தால் போதும்; தண்டுகளுக்கு இடையில் தேங்கி நிற்கிற காற்று நகர வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் அது ஓடட்டும். பலர் விளக்கோடு சேர்த்து அதையும் நிறுத்திவிடுகிறார்கள், தேவைப்படுகிற நேரத்தில். தண்ணீர் காலையில், தட்டின் அடியில். விதையைக் குறைத்துத் தூவுங்கள். இறாக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தயவுசெய்து அந்த அறையில் உடுப்புக் காயப்போடாதீர்கள். மழைக்காலத்தில் வேறு இடமில்லை என்பது எனக்கும் தெரியும், என் வீட்டிலும் அதே சண்டைதான்.

இனி, பூஞ்சணம் இல்லாததைப் பூஞ்சணம் என்று நினைத்து எறிவது. மூன்றாம் நாள் கடுகிலும் முள்ளங்கியிலும் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுபோல ஒன்று தெரியும். பயப்பட வேண்டாம், அது வேர்மயிராக இருக்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேரோடு ஒட்டிப் படிந்து மறைந்தால் வேர்மயிர். காய்ந்ததும் திரும்ப எழும். பூஞ்சணம் அப்படி மறையாது. ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்குச் சிலந்தி வலைபோல ஓடும், தண்டு அடியில் மெலிந்து சாயும், நாறும். அப்படியென்றால் தட்டோடு பையில் கட்டி எறியுங்கள். கழுவிச் சாப்பிடுவதோ, சாப்பிடுகிற தளிருக்கு மருந்து அடிப்பதோ வேண்டாம்.

சுவரில் பிடித்ததைக் காய்ந்த தும்புத்தடியால் தேய்க்கிறவர்கள் வித்தியை வீடு முழுக்கத் தூவுகிறார்கள். முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியையும் எறிந்துவிடுங்கள். பிளீச் ஊற்றினால் சாந்துச் சுவரில் கறுப்பு மறையும், உள்ளே போனது இருக்கும். அதோடு வினாகிரியைக் கலக்கவே கூடாது, குளோரீன் வாயு வரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரை அந்த வேலைக்கு விடாதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் வளர்க்கிற அறையே வேண்டாம் என்பேன்.

அக்காவின் அறையில் ஒரு மூலை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. தரையோடு ஒட்டி ஒரு திட்டு, ஓரம் மஞ்சள், மேலே உப்புப் பூத்ததுபோல வெள்ளைத் தூள். காற்றின் ஈரம் அப்படி ஒரே இடத்தில் உருவம் பிடித்து நிற்பதில்லை. ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை அதன் மேல் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். பொலித்தீனின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்று. சுவர்ப் பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

இரண்டு நாள் கழித்து அக்கா படம் அனுப்பினார். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அந்தச் சுவருக்கு மறுபுறம் பக்கத்து வீட்டுக் குளியலறை. "இதுக்கு உங்களைக் கூப்பிடுறதா, பிளம்பரைக் கூப்பிடுறதா தம்பி?" என்று கேட்டார். பிளம்பரை என்றேன்.